இன்வெர்ட்டர் டிரைவ்: ஆலையிலும் பட்டறையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்துச் செம்பனை ஆலைகளிலும் தேங்காய்ப் பட்டறைகளிலும் மோட்டார் பார்க்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஆலையில் புதிதாகச் சேர்ந்த தம்பிமார்களும், பட்டறை நடத்தும் அண்ணன்மார்களும், கோயில் தண்ணீர்ப் பம்புக்குப் பொறுப்பேற்றவர்களும் மோட்டாரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் டிரைவைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேள்விகளை அவர்கள் வாய்மொழியிலேயே விட்டுவிட்டு, பதில்களை மட்டும் நிதானமாக எழுதியிருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை மறுபடியும் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறித்திருப்பதால், தேவைப்படும்போது மேலே திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. இந்த இன்வெர்ட்டர் பெட்டி உண்மையில என்னதான் செய்யுது அண்ணே?

நாம் பயன்படுத்தும் சாதாரண மூன்று பேஸ் மோட்டாரின் வேகத்தை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, அதன் சுருளில் உள்ள காந்த முனைகளின் எண்ணிக்கை. மற்றொன்று, அதற்கு வரும் மின்சாரத்தின் அதிர்வெண். 120-ஐ அதிர்வெண்ணால் பெருக்கி முனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், காந்தப்புலம் சுழலும் வேகம் கிடைக்கும். நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு முனை மோட்டாருக்கு அது நிமிடத்துக்கு 1,500 சுற்று. ஆனால் பெயர்த்தகட்டில் 1,440 அல்லது 1,460 என்று அச்சிட்டிருப்பார்கள். சுமையை இழுக்கும்போது சுழலி காந்தப்புலத்தைவிடச் சற்றுப் பின்தங்கும். அந்த நழுவல்தான் இந்த வித்தியாசம்.

முனைகளை நினைத்தபோது மாற்ற முடியாது, அதிர்வெண்ணை மாற்றலாம். அந்த ஒரு வேலைக்காகத்தான் இந்தப் பெட்டி. உள்ளே வரும் மின்சாரத்தை, ஒரு திசையில் மட்டும் வழிவிடும் ஆறு டயோடுகள் நேர்மின்சாரமாக்குகின்றன. பெரிய கெப்பாசிட்டர்கள் அதைச் சமன்படுத்தித் தேக்கிவைக்கின்றன. 400 வோல்ட் உள்ளே வந்தால் அந்த இடத்தில் ஏறக்குறைய 540 முதல் 565 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் நிற்கும். பிறகு ஆறு மின்னணு சுவிட்சுகள் அதை விநாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி, நாம் கேட்கும் அதிர்வெண்ணில் மூன்று பேஸாக மோட்டாருக்கு அனுப்புகின்றன. வி.எஃப்.டி., வி.எஸ்.டி., டிரைவ், இன்வெர்ட்டர் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கடையில் இதையே எடுத்துத் தருவார்கள். சோலார் இன்வெர்ட்டர் வேறு சாதனம்.

2. வேகத்தைக் குறைக்கணும்னா வோல்டேஜ மட்டும் குறைச்சா போதாதா? சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் அப்படித்தானே செய்யுது?

சீலிங் ஃபேனின் சுமை மிகச் சிறியது என்பதால் அந்த முறை அங்கே எடுபடுகிறது. ஆலை மோட்டாரில் வோல்டேஜை மட்டும் குறைத்தால் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பச் சரியும். வோல்டேஜ் பாதியானால் விசை கால் பங்குதான். சுமையோ குறையாது. அதனால் மோட்டார் மேலும் நழுவி, மேலும் ஆம்பியரை இழுத்து, சுருள் கருகும் நிலைக்குப் போகும்.

அதிர்வெண்ணை மட்டும் குறைத்து வோல்டேஜை அப்படியே விட்டாலும் ஆபத்துதான்: இரும்புக் கருவில் காந்தம் அளவுக்கு மீறி நிரம்பி, சுமையே இல்லாதபோதும் மின்னோட்டம் எகிறும். ஆகவே டிரைவ் இரண்டையும் ஒரே விகிதத்தில் நகர்த்துகிறது. 400 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸால் வகுத்தால் ஒரு ஹெர்ட்ஸுக்கு 8 வோல்ட். 25 ஹெர்ட்ஸில் 200 வோல்ட். 10 ஹெர்ட்ஸில் 80 வோல்ட். மிகக் குறைந்த வேகத்தில் சுருளின் தடையே கணிசமான வோல்டேஜை விழுங்கிவிடும் என்பதால் அங்கே சிறிது கூடுதலாகக் கொடுக்கும் வசதி உண்டு. அதைத் தாராளமாக ஏற்றிவிட்டு மோட்டாரைச் சூடாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. ஸ்டார்-டெல்டா, சாஃப்ட் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர் மூணும் ஒண்ணுதானே?

நேரடியாகச் சுவிட்ச் போட்டால் மோட்டார் தன் முழுச்சுமை ஆம்பியரைப்போல் ஆறு, ஏழு மடங்கை இழுத்துக்கொண்டு கிளம்பும். ஸ்டார்-டெல்டா, கிளம்பும்போது மட்டும் சுருள்களை ஸ்டாராக இணைத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்த வோல்டேஜ் கொடுத்து, அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறது. கூடவே கிளம்பும் விசையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். சாஃப்ட் ஸ்டார்ட்டர் வோல்டேஜை மெல்ல உயர்த்துகிறதே தவிர அதிர்வெண்ணைத் தொடுவதில்லை. டிரைவ் மட்டுமே அதிர்வெண்ணைப் பூஜ்யத்துக்கு அருகிலிருந்து உயர்த்துவதால், முழுச்சுமை ஆம்பியரைப்போல் ஒன்றரை மடங்குக்குள்ளேயே முழு விசையோடு கிளம்ப முடிகிறது.

மோட்டார் எப்போதும் 50 ஹெர்ட்ஸில்தான் ஓடப்போகிறது, கிளம்பும் அதிர்ச்சி மட்டும் குறைந்தால் போதும் என்றால் சாஃப்ட் ஸ்டார்ட்டரே போதும். டிரைவ் விற்பவர்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

4. இன்வெர்ட்டர் போட்டா கரண்டு பில் பாதியாகும்னு சேல்ஸ்மேன் சொல்றாரு. நெசமா?

எந்தச் சுமைக்குப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விசிறியிலும் மையவிலக்குப் பம்பிலும் காற்றின் அல்லது நீரின் அளவு வேகத்துக்கு நேராகவும், அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கும், தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கும் ஏற்ப மாறும். வேகத்தை 80 விழுக்காட்டுக்கு, அதாவது 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால், ஆற்றல் 51 விழுக்காடாகிறது. பாதி வேகத்தில் அது எட்டில் ஒரு பங்குதான். பாய்லரின் புகை இழுக்கும் விசிறி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு, காற்றை மறிக்கும் தகடான டேம்பரைப் பாதி மூடிவைப்பது, காரின் எண்ணெய்ப் பெடலை முழுதாக மிதித்துக்கொண்டே பிரேக்கில் கால் வைப்பதற்குச் சமம். ஆனாலும் கணக்குப் போடும்போது ஒரு நேர்மை வேண்டும். டேம்பரை மூடியபோதே மோட்டார் இழுக்கும் ஆற்றல் ஓரளவு குறைந்துதான் இருக்கும். ஆகவே பெயர்த்தகட்டில் உள்ள கிலோவாட்டோடு ஒப்பிடாமல், டேம்பர் மூடிய நிலையில் இப்போது அளந்து கிடைக்கும் கிலோவாட்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

குலைகளைச் சுமக்கும் கன்வேயர், திருகுப் பிரஸ் போன்றவற்றில் இந்த மும்மடிக் கணக்கு பொருந்தாது. அங்கே வேகம் குறைந்தாலும் இழுக்க வேண்டிய விசை குறைவதில்லை. ஒரே எடைக் குலைகளை மெதுவாக, அதிக நேரம் ஓட்டி ஏற்றினால் செலவாகும் மின்சாரம் பெரிதாக மாறாது. அங்கே டிரைவின் பயன் வேறு: பாய்ச்சலைச் சீராக்கலாம், சங்கிலி அறுவதைத் தவிர்க்கலாம்.

பம்பிலும் ஒரு பொறி உண்டு. 20 மீட்டர் உயரத் தொட்டிக்கு நீர் ஏற்றும் பம்பின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், அழுத்தம் வர்க்கமாகச் சரிவதால், ஒரு கட்டத்தில் மோட்டார் ஓடும், மீட்டர் ஓடும், தண்ணீர் மட்டும் மேலே வராது. எப்போதும் 50 ஹெர்ட்ஸிலேயே ஓட்டினால் மிச்சம் எதுவும் இல்லை. டிரைவே தன் பங்குக்கு 2 முதல் 4 விழுக்காட்டை வெப்பமாக்கும்.

5. 20 ஹெர்ட்ஸ்ல ஓட்டுறேன், மோட்டார் கொதிக்குது. இன்வெர்ட்டர் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. மோட்டாரின் பின்பக்க விசிறி அதே தண்டில்தான் மாட்டியிருக்கிறது. தண்டு மெதுவாகச் சுற்றினால் காற்றும் குறைந்துவிடும். கன்வேயரைப் போன்ற சுமையில் விசை குறையாததால் ஆம்பியரும் குறையாது. வெப்பம் அப்படியே உண்டாகிக்கொண்டிருக்க, அதை வெளியேற்றும் காற்று மட்டும் இல்லை. விசிறிச் சுமையில் இந்தத் தொல்லை வராது. 20 ஹெர்ட்ஸில் அதற்குத் தேவைப்படும் விசை முழு விசையில் 16 விழுக்காடுதான்.

தொடர்ந்து குறைந்த வேகத்தில்தான் ஓட வேண்டும் என்றால், தனி மின்சாரத்தில் ஓடும் குளிரூட்டும் விசிறியைப் பின்னால் பொருத்தலாம். அல்லது கியர் பெட்டியின் விகிதத்தையோ பெல்ட் சக்கரத்தின் அளவையோ மாற்றி, மோட்டாரை 45 ஹெர்ட்ஸ் அளவில் ஓடவிடலாம். இரண்டாவது வழியே எனக்குப் பிடித்தது. இரும்பால் தீர்க்கக்கூடியதை மின்னணுவால் தீர்க்கப் போவானேன்? சுருளுக்குள் வெப்ப உணரி இருக்கும் மோட்டார் என்றால் அதன் இரண்டு கம்பிகளையும் டிரைவில் மறக்காமல் இணைத்துவிடுங்கள். டிரைவ் ஆம்பியரைப் பார்க்குமே தவிர, காற்று அடைத்துக்கொண்டதை அதனால் பார்க்க முடியாது.

6. அப்ப 60, 70 ஹெர்ட்ஸுக்கு ஏத்தி வேகமா ஓட்டலாமா?

ஏற்றலாம், ஆனால் உள்ளே வரும் 400 வோல்ட்டைவிட அதிகமாக டிரைவால் வெளியே கொடுக்க முடியாது. 50 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கேள்வி 2-இல் சொன்ன விகிதம் உடைந்து, விசை குறையத் தொடங்கும். 60 ஹெர்ட்ஸில் முழு விசையில் 83 விழுக்காடுதான் கிடைக்கும். விசிறிக்கோ அதே 60 ஹெர்ட்ஸில் 1.73 மடங்கு ஆற்றல் தேவைப்படும் என்பதால் உடனே ஓவர்லோடு விழும். சுமை குறைவான கன்வேயரை 55 ஹெர்ட்ஸ் வரை ஆம்பியரைப் பார்த்துக்கொண்டே ஏற்றலாம். அதற்கு மேல் போவதற்கு முன் பியரிங், கியர், விசிறித் தகடு ஆகியவற்றைச் செய்தவர்கள் எந்த வேகம் வரை அனுமதித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

7. எங்க தேங்காய்ப் பட்டறையில சிங்கிள் பேஸ்தான் இருக்கு. மூணு பேஸ் மோட்டாரை ஓட்ட முடியுமா?

முடியும். ஒற்றை பேஸில் 230 வோல்ட் வாங்கி, 230 வோல்ட் மூன்று பேஸாகக் கொடுக்கும் டிரைவுகள் 2.2 கிலோவாட், அதாவது 3 குதிரைத்திறன் வரை எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் வெளியே வருவது 400 வோல்ட் அல்ல, 230 வோல்ட்தான். ஆகவே பெயர்த்தகட்டில் டெல்டா 230, ஸ்டார் 400 என்று இருக்கும் மோட்டாரை வாங்கி, இணைப்புப் பெட்டியைத் திறந்து, ஸ்டாரில் இருக்கும் தகடுகளை டெல்டாவுக்கு மாற்ற வேண்டும். பழைய மோட்டார்களில் இந்த எண்கள் 240, 415 என்று இருக்கும். மாற்ற மறந்தால் ஒவ்வொரு சுருளுக்கும் 58 விழுக்காடு வோல்டேஜ்தான் போகும். விசை மூன்றில் ஒன்றாகிவிடும். “மோட்டார் சுத்துது, தேங்காயை வச்சா நின்னுடுது” என்று யாராவது சொன்னால் நான் முதலில் திறப்பது அந்தப் பெட்டியைத்தான். டெல்டாவே 400 என்று எழுதியிருக்கும் பெரிய மோட்டார் இதற்கு உதவாது. கெப்பாசிட்டர் வைத்த ஒற்றை பேஸ் மோட்டாரை டிரைவின் வெளிப்பக்கத்தில் இணைக்கவே கூடாது.

ஒன்றைக் கவனியுங்கள். 2.2 கிலோவாட் டிரைவ் ஒற்றை பேஸில் முழுச்சுமையில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக்கில் சொருகும் வேலை இது அல்ல. உரிமம் பெற்ற ஒயர்மேனை வைத்துத் தனி ஒயரும் தனி பிரேக்கரும் போடுங்கள்.

8. முதல் தடவை ஆன் பண்றப்ப எதையெல்லாம் செட் பண்ணணும்? புத்தகத்துல முந்நூறு பாராமீட்டர் இருக்கு.

முந்நூறில் பத்துக்கும் குறைவானவையே அன்றாடத் தேவை. பெயர்த்தகட்டைப் பார்த்து வோல்டேஜ், ஆம்பியர், அதிர்வெண், சுற்று வேகம், கிலோவாட் ஆகிய ஐந்தையும் உள்ளிடுங்கள். ஆம்பியரைத் தவறாகப் போட்டால் ஓவர்லோடு பாதுகாப்பே இல்லாமல் போகும். அடுத்து, வேகமெடுக்கும் நேரமும் நிறுத்தும் நேரமும்: சிறிய பம்புக்கு 10 விநாடி போதும், பாய்லரின் பெரிய விசிறிக்கு 60 விநாடியும் அதற்கு மேலும் ஆகலாம். கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் வைத்துவிட்டு, மோட்டாரைச் சுமையிலிருந்து கழற்றி ஓட்டிப் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினால் டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையிலுள்ள மூன்று ஒயர்களில் ஏதேனும் இரண்டை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். உள்ளே வரும் பக்கத்தில் மாற்றிப் பயனில்லை. டயோடுகளுக்குப் பேஸ் வரிசை ஒரு பொருட்டே அல்ல.

9. கிளாம்ப் மீட்டர்ல பார்த்தா உள்ள 6 ஆம்பியர் போகுது, வெளிய 14 ஆம்பியர் வருது. எக்ஸ்ட்ரா கரண்டு எங்கேருந்து வந்துச்சு?

நான் மிகவும் ரசிக்கும் கேள்வி இது. கேட்பவர் உண்மையிலேயே மீட்டரைப் பிடித்துப் பார்த்தவர். இருபுறமும் சமமாக இருக்க வேண்டியது ஆம்பியர் அல்ல, கிலோவாட். 7.5 கிலோவாட் மோட்டார் ஒன்று கன்வேயரை 20 ஹெர்ட்ஸில் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். கேள்வி 2-இன் கணக்குப்படி வெளியே 160 வோல்ட். 1.73, 160 வோல்ட், 14 ஆம்பியர், பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.8 ஆகியவற்றைப் பெருக்கினால் 3.1 கிலோவாட். உள்ளே 1.73, 400 வோல்ட், 6 ஆம்பியர், 0.75 ஆகியவற்றைப் பெருக்கினாலும் அதே 3.1 கிலோவாட். அழுத்தம் குறைந்த இடத்தில் ஓட்டம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். மேலும், மோட்டாரைக் காந்தமாக்கும் மின்னோட்டம் டிரைவின் கெப்பாசிட்டருக்கும் மோட்டாருக்கும் இடையிலேயே போய் வந்துகொண்டிருக்கும். அது மின்சார நிறுவனமான தெனாகாவின் கம்பி வரை போவதில்லை.

விலை மலிவான மீட்டர் டிரைவின் வெளிப்பக்கத்தில் காட்டும் வோல்டேஜை நம்ப வேண்டாம். வெட்டுப்பட்ட அலையைச் சரியாக அளக்க, உண்மையான ஆர்.எம்.எஸ். மதிப்பை (ட்ரூ ஆர்.எம்.எஸ்.) அளப்பதோடு உயர் அதிர்வெண்ணை வடிகட்டும் வசதியும் உள்ள மீட்டர் தேவை. அது இல்லையென்றால் டிரைவின் திரையே மேல்.

10. நிறுத்துறப்ப ‘ஓவர் வோல்டேஜ்’னு விழுது. தெனாகா வோல்டேஜ் சரியாத்தான் இருக்கு.

தெனாகா மேல் குற்றமில்லை. கனமான விசிறி வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது டிரைவ் அதிர்வெண்ணைச் சட்டென்று இறக்கினால், விசிறி மோட்டாரைத் தள்ளத் தொடங்குகிறது. மோட்டார் அந்த நேரத்துக்கு ஜெனரேட்டர் ஆகிவிடுகிறது. திரும்பி வரும் மின்சாரம் கேள்வி 1-இல் சொன்ன டயோடுகளைக் கடந்து வெளியேற வழியில்லாமல் கெப்பாசிட்டரில் குவிகிறது. 400 வோல்ட் டிரைவில் அது 800 வோல்ட்டை நெருங்கும்போது டிரைவ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கையை விட்டுவிடும். நிறுத்தும் நேரத்தைக் கூட்டுங்கள். அவசரமில்லை என்றால் தானாகச் சுழன்று நிற்கும்படி செட் செய்யுங்கள். கிரேன் போல இறக்கியே ஆக வேண்டிய சுமைக்கு, அந்த ஆற்றலை வெப்பமாக்கும் பிரேக் ரெசிஸ்டர் இன்றியமையாதது.

11. பம்பு ஓடுறப்ப கோயில் மைக்ல ‘ஙொய்’னு சத்தம் வருது. இ.எல்.சி.பி.யும் அடிக்கடி விழுது. ரெண்டும் ஒரே காரணமா?

வேர் ஒன்றுதான். விநாடிக்குப் பல ஆயிரம் முறை நடக்கும் வெட்டில் கேபிளிலிருந்தும் மோட்டார் உடலிலிருந்தும் சிறிதளவு மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது. டிரைவுக்குள் இருக்கும் இரைச்சல் வடிகட்டியும் தன் பங்கை எர்த்துக்கு அனுப்புகிறது. மைக்குக்கு அது இரைச்சல், மின்கசிவைக் கண்டால் விழும் பிரேக்கரான இ.எல்.சி.பி.க்கு அது கசிவு. மோட்டாருக்குக் கவசக் கேபிள் போட்டு, கவசத்தை இருபுறமும் எர்த் செய்யுங்கள். மைக் ஒயரைக் குறைந்தது ஓரடி தள்ளிக் கொண்டுபோங்கள். குறுக்கே போக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். மூன்று பேஸ் டிரைவுக்குப் பி வகை கசிவுப் பாதுகாப்பான் தேவை. அதைத் தனிச் சுற்றில் வையுங்கள். எர்த் ஒயரைக் கழற்றினால் சத்தமும் போகும், பிரேக்கரும் விழாது. ஆனால் ஈரக் கையோடு பம்பைத் தொடும் ஐயருக்கு என்ன பாதுகாப்பு?

மோட்டாரே கீச்சென்று கத்தினால் அது வேறு: வெட்டும் அதிர்வெண்ணை உயர்த்தினால் சத்தம் குறையும், டிரைவ் அதிகம் சூடாகும்.

12. பழைய மோட்டாருக்கும், தூரத்துல இருக்குற மோட்டாருக்கும் போடலாமா?

போடலாம், கவனத்தோடு. டிரைவிலிருந்து வருவது வழவழப்பான அலை அல்ல, செங்குத்தான துடிப்புகள். நீளமான கேபிளில் அவை மோட்டார் முனையில் மோதித் திரும்பும்போது, அங்கே வோல்டேஜ் நேர்மின்னழுத்தத்தைப்போல் இரு மடங்கு, அதாவது 1,100 வோல்ட் வரை எழும். சுருளின் முதல் சில சுற்றுகள் அந்த அடியை வாங்குகின்றன. கேபிள் 50 மீட்டரைத் தாண்டினால் வெளிப்பக்கத்தில் சோக் (மின்னோட்டத்தின் துள்ளலைத் தணிக்கும் சுருள்) அல்லது வடிகட்டி வையுங்கள். மோட்டாரைச் சுருள் கட்டக் கொடுக்கும்போது டிரைவில் ஓடப்போகிறது என்பதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொன்னால், அதற்குரிய கம்பியையும் வார்னிஷையும் போடுவார். பெரிய மோட்டார்களில் தண்டு வழியாகக் கசியும் மின்சாரம் பியரிங் ஓடுபாதையில் துணி துவைக்கும் பலகை போல வரி வரியாக அரித்துவிடும். அவற்றில் காப்பிட்ட பியரிங் போடுவது வழக்கம்.

13. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவுல காண்டாக்டர் வச்சு ஆன், ஆஃப் பண்ணலாமா? பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர்?

காண்டாக்டர் என்னும் காந்த சுவிட்சை, ஓடும்போது நடுவில் திறந்து மூடினால் டிரைவின் சுவிட்சுகள் ஒரு நாள் அல்ல ஒரு நாள் போய்விடும். உள்பக்கக் காண்டாக்டரால் அடிக்கடி ஆன் செய்வதும் கெடுதல். ஒவ்வொரு முறையும் காலிக் கெப்பாசிட்டர் நிரம்பும்போது அதன் முன்னுள்ள சிறிய ரெசிஸ்டர் சூடேறுகிறது. ஓட்டவும் நிறுத்தவும் டிரைவின் கட்டளை முனைகளைப் பயன்படுத்துங்கள்.

வெளிப்பக்கத்தில் கெப்பாசிட்டர் அறவே கூடாது. உள்பக்கத்தில், பவர் ஃபேக்டர் 0.85-க்குக் கீழே போனால் தெனாகா அபராதம் போடும் என்பதால் ஆலைகளில் ஏற்கெனவே கெப்பாசிட்டர் வரிசை இருக்கும். டிரைவுகள் உண்டாக்கும் 250, 350 ஹெர்ட்ஸ் துணை அலைகளோடு அது ஒத்ததிர்ந்து வீங்கிப்போக வாய்ப்புண்டு. டிரைவின் முன்னால் லைன் சோக் ஒன்றை வைத்தால் அந்தத் துணை அலைகள் பெருமளவு அடங்கும்.

14. மெக்கர் போட்டுப் பார்க்கலாமா? மெயின் ஆஃப் பண்ணினதும் கை வைக்கலாமா?

காப்பைச் சோதிக்கும் கருவியான மெக்கரின் 500 அல்லது 1,000 வோல்ட் டிரைவுக்குள் போனால் அதன் சுவிட்சுகள் தாங்கா. மோட்டார் ஒயர்கள் மூன்றையும் டிரைவிலிருந்து கழற்றிய பிறகே மெக்கர். இதை நான் கற்றது ஒரு ஆலையில், இரவுப் பணியில், அவசரத்தில் இரண்டை மட்டும் கழற்றிவிட்டு மூன்றாவதை மறந்தபோது.

மெயினை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் 500 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். டிரைவின் மேல் ஒட்டியுள்ள எச்சரிக்கையில் 5 அல்லது 15 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். அத்தனை நேரம் காத்திருந்து, பிறகு நேர்மின்னழுத்த முனைகளை மீட்டரால் அளந்து, 50 வோல்ட்டுக்குக் கீழே வந்ததை உறுதி செய்துகொண்டுதான் திறக்க வேண்டும். விளக்கு அணைந்தது சான்றாகாது. அவசர நிறுத்தப் பொத்தானும் மோட்டாரை நிறுத்துமே தவிர மின்சாரத்தைத் துண்டிக்காது. ஆலையில் இந்த வேலை, மின்பொறுப்பில் இருக்கும் தகுதிச் சான்று பெற்ற சார்ஜ்மேனுடையது. தம்பிமார்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளட்டும்.

15. ஸ்டோர்ல மூணு வருசமா ஸ்பேர் டிரைவ் இருக்கு. தேவைப்பட்டா அப்படியே மாட்டிடலாமா?

மாட்டக்கூடாது. மின்சாரமே இல்லாமல் நீண்ட நாள் கிடந்தால் கெப்பாசிட்டரின் உள்படலம் மெலிந்துவிடும். திடீரென்று முழு வோல்டேஜ் கொடுத்தால் வெடிக்கவும் கூடும். வோல்டேஜைச் சிறிது சிறிதாக உயர்த்திச் சில மணி நேரம் பழக்கிய பிறகே மாட்ட வேண்டும். அதற்கான படிகள் டிரைவோடு வந்த கையேட்டில் இருக்கும். இதைவிட எளிய வழி, வருடத்துக்கு ஒரு முறை ஸ்பேருக்கு மின்சாரம் கொடுத்து வைப்பது. நான் ஸ்டோரில் இருக்கும் ஒவ்வொரு டிரைவ் பெட்டியின் மேலும் கடைசியாக மின்சாரம் கொடுத்த தேதியை மார்க்கர் பேனாவால் எழுதிவைக்கிறேன். அந்தப் பெட்டியின் கேபிள் துளைகளையும் அப்போதே அடைத்துவிடுங்கள். சென்ற முறை திறந்தபோது உள்ளே பல்லி முட்டையிட்டிருந்தது.